உன் பெயரில் இரண்டு ஏக்கர்

தம்புசாமி மளிகைக்கடை மூலம்,
பதினான்காம் மைல், பூச்சோங்.
9.2.1986

அன்புள்ள சிவகாமிக்கு,

வீட்டுக்குக் கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் கடை போனிலிருந்து உன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன். "டீச்சர் வகுப்புல இருக்காங்க" என்றார்கள். பள்ளி விட்ட பிறகு கூப்பிட்டபோதும் நீ வகுப்பில்தான் இருந்தாய். இங்கே வீட்டில் போன் கிடையாது, அதனால் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குடி வந்து இரண்டு மாதமாகிறது. முந்திய சொந்தக்காரர் கட்டிய பலகை வீடு. தகரக் கூரை ஓரிடத்தில் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. இன்ஷுரன்ஸ் கம்பெனியில் பேனா பிடித்தே பழகிய கை மண்வெட்டி பிடித்தால் எப்படியிருக்கும் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இரண்டு கையிலும் கொப்புளம். அதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கிறது.

கோழி வாங்கினேன். குஞ்சாக இருந்தபோது எது சேவல் எது பெட்டை என்று தெரியவில்லை. இப்போது பார்த்தால் முக்கால்வாசி சேவல். தம்புசாமி கடை வாசலில் எல்லார் முன்னாலும் கேட்கிறார், "என்னா பாஸ், முட்டை விக்கப் போறீங்களா, இல்ல சேவச் சண்டை கிளப் தொறக்கப் போறீங்களா?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நகர வாழ்க்கையில் நம்மை யார் இப்படிக் கிண்டல் செய்தார்கள்?

நான் புறப்பட்ட அன்று நீ பேசியது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இந்த வயசுல தோட்டக்காரன் வேஷமா?" என்றாய். வேஷம் என்றால் ஏன் உன் பெயரில் பட்டா எழுதியிருக்கிறேன்? காஜாங் பக்கம் இதைவிட நல்ல மண் கிடைத்தது. ஆனால் நீ பிறந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டாடி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. உன் அப்பா அம்மா பால் வெட்டிய மண்ணில் அவர்கள் மகள் சொந்தக்காரியாக நிற்க வேண்டும் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லாமல் வாங்கியது உனக்கு ஒரு சந்தோஷ அதிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான். எந்தப் புருஷன் இப்படிச் செய்வான்?

கோபம் தணிந்ததும் ஒரு சனிக்கிழமை வா. பஸ் நிற்கும் இடத்தில் வந்து நிற்கிறேன்.

உன்,
அடைக்கப்பன்


பிரிக்பீல்ட்ஸ்,
20.2.1986

காமாட்சி அப்பாவுக்கு,

நான் வகுப்பில் இல்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

எந்தப் புருஷன் இப்படிச் செய்வான் என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிற புருஷன் எங்காவது இருந்திருப்பான். எனக்கு வாய்க்கவில்லை.

உங்களுக்குக் கொப்புளம் ஒரு செய்தி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதை யாரும் கடிதத்தில் எழுதியதில்லை. விடிவதற்கு முன்னால் பெரட்டு மணி அடிக்கும். கங்காணி பெயர் கூப்பிடும்போது ஆள் வரிசையில் நிற்காவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அம்மா என்னை அரைத் தூக்கத்தில் இழுத்துக்கொண்டு ஓடுவாள். கொசுவிலும் இருட்டிலும் அவள் மரத்தில் பால் வெட்ட, நான் பால் பிடிக்கும் கோப்பை துடைத்து வைப்பேன். அம்மாவின் முடியில், புடவையில், சோறு பிசைகிற கையில் எல்லாம் புளித்த பால் நாற்றம். அந்த நாற்றம் எங்கிருந்தாவது வந்தால் இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அங்கிருந்து தப்பித்துப் படித்து, பயிற்சிக்குப் போய், கையில் சாக்பீஸ் பிடித்தேன். திரும்ப மண்வெட்டி பிடிக்க வேண்டாம் என்பதற்குத்தான் அவ்வளவும்.

நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், பொழுது போகவில்லை, விளையாட ஓர் இடம் வேண்டியிருந்தது. விளையாடுங்கள். ஆனால் எனக்காகத்தான் வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லாதீர்கள். நேற்றுக் கோயிலில் உங்கள் பழைய மேனேஜர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யூ ஆர் சோ லக்கிலா சிவகாமி, இப்படியொரு ஹஸ்பண்டு!" என்கிறாள். நான் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

பினாங்கிலிருந்து காமாட்சி போன் செய்தாள். "அப்பா ஜாலியா இருந்துட்டுப் போகட்டும்மா, நீங்க ஏன் டென்ஷன் ஆவுறீங்க?" என்கிறாள். நம் மகளுக்கு லயம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாமல் வளர்த்ததில் எனக்கு வருத்தமில்லை.

நான் வரமாட்டேன். சனிக்கிழமைகளில் பஸ்ஸுக்காக நிற்க வேண்டாம்.

சிவகாமி


பூச்சோங்,
1.6.1986

அன்புள்ள சிவகாமிக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் போடாமல் இருந்தேன். போட்டிருந்தால் ஏதாவது எழுதியிருப்பேன். இப்போதும் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. உன்னைக் கட்டியதால் நகரத்தார் கோயிலில் என் புள்ளி போனது. கல்யாணமான ஒவ்வொரு நகரத்தானுக்கும் உள்ள இடம் எனக்கில்லை. என் பங்காளிகள் வீட்டு விசேஷத்தில் நான் விருந்தாளி. அதை இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளாவது சொல்லிக் காட்டியிருக்கிறேனா? அப்படிப்பட்டவனைப் பார்த்து விளையாடுகிறேன் என்கிறாய்.

போகட்டும். விளையாட்டுப் பலன் கொடுத்திருக்கிறது. இங்கே காய்கறி ஏற்றும் நாகையா லோரியில் பிரிக்பீல்ட்ஸ் பாசாருக்கு வருகிறார். அவரிடம் ஒரு கூடை கத்தரிக்காய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் கையால் விளைந்தது. ஊதா நிறம், ஒரு சொத்தை கிடையாது.

இது விளைந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பக்கத்து மண் களிமண், எதை நட்டாலும் வதங்கியது. ஓடைக்கு அந்தப் பக்கம், நம் எல்லைக்குள்ளேயே, ஒரு மேட்டு மூலை சும்மா கிடந்தது. இரண்டு பெரிய கள்ளிமந்தாரை மரம், வெள்ளைப் பூ கீழே கொட்டிக் கிடக்கும். மற்றபடி லாலாங் புல்லும், யாரோ அங்கங்கே நட்டுவிட்டுப் போன மாதிரி குரோட்டன் செடிகளும். மண்ணைத் தொட்டால் அப்படியே பொலபொலவென்று உதிர்கிறது. மார்ச் மாதம் கிள்ளானிலிருந்து டிராக்டர் கூப்பிட்டு மொத்தத்தையும் அழித்து, மேடுகளைச் சமமாக்கி, கத்தரி போட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் வாய் பிளக்கிறார்கள்.

ஒரு தடவை சமைத்துச் சாப்பிட்டுப் பார். பிறகு இந்த மண்ணைப் பற்றிப் பேசு.

அடைக்கப்பன்


பிரிக்பீல்ட்ஸ்,
8.6.1986

காமாட்சி அப்பாவுக்கு,

நாகையா கூடையையும் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தார். கடிதத்தில் என்ன இருக்கப்போகிறது என்று மேசைமேல் போட்டுவிட்டு, கத்தரிக்காயைப் புளிக்குழம்பு வைத்தேன். உண்மையைச் சொன்னால் ருசியாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். "பிஞ்சா இருக்குக்கா, அண்ணன் கைராசி!" என்றாள். உங்கள்மேல் இருந்த கோபம்கூட லேசாகத் தணிந்த மாதிரி இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கடிதத்தைப் பிரித்தேன்.

நீங்கள் அழித்தது எங்கள் இடுகாடு.

அந்தக் குரோட்டன் செடிகளை நட்டவர்கள் நாங்கள். சிமெண்டில் கட்ட எங்களிடம் வசதி கிடையாது. ஆளைப் புதைத்து, மண்ணைக் குவித்து, தலைமாட்டில் ஒரு குரோட்டன் கிளை ஊன்றுவோம். யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும் என்பதால் அந்தச் செடி. எந்தத் தோட்டத்து ஆளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நீங்கள் கிள்ளானிலிருந்து டிராக்டர் கூப்பிட்டீர்கள்.

என் அம்மா அங்கே இருக்கிறாள். அவள் போனபோது எனக்குப் பதிமூன்று வயது. காய்ச்சலோடு பெரட்டுக்குப் போனவளை மதியம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கள்ளிமந்தாரைக்கு இடப்பக்கம், மஞ்சள் புள்ளி போட்ட குரோட்டன். கிளையை ஊன்றியது நான். அவளுக்குப் பக்கத்தில், பிறந்த அன்றே செத்துப்போன என் தம்பி.

தோட்டம் பெரியது, நீங்கள் வாங்கியது வேறு எந்த மூலையோ என்று நினைத்திருந்தேன். கேட்கப் பயம். நான் அங்கே வராததற்குப் பாதிக் காரணம் இதுதான். கல்யாணமான புதிதில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றபோது உங்கள் ஆத்தா, "இந்த வீட்டுக்கு வந்தாச்சு, இனிமே அந்தப் பேச்செல்லாம் எதுக்கு?" என்றார்கள். பிறகு வருஷம் ஓடிவிட்டது. இத்தனை வருஷம் போகாதவள் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று ஆகிவிட்டது. அவள் செடியாவது நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீதிக் கத்தரிக்காயை என்ன செய்வதென்று தெரியவில்லை. குப்பையில் போடவும் கை வரவில்லை, அடுப்பில் வைக்கவும் கை வரவில்லை. கூடையோடு அப்படியே இருக்கிறது.

பவுனம்மாள்

பி.கு: இதுதான் என் பெயர். அடையாளக் கார்டில் இருப்பது, பள்ளியில் கூப்பிடுவது, நீங்கள் பட்டாவில் எழுதியது. பவுனம்மாள் என்றால் தோட்டத்து வாடை அடிக்கிறது என்று உங்கள் ஆத்தா சிவகாமி என்று மாற்றினார்கள். நீங்களும் மறுநாளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தீர்கள்.


பூச்சோங்,
15.6.1986

அன்புள்ள சிவகாமி (கை தானாக எழுதிவிட்டது, மன்னித்துக்கொள்),

உன் கடிதத்தைத் தம்புசாமி கடை வாசலிலேயே நின்று படித்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை.

சத்தியமாக எனக்குத் தெரியாது. எங்களில் எரிப்பதுதான் வழக்கம். மண்மேட்டையும் செடியையும் பார்த்தால் எனக்கு எப்படித் தோன்றும்? டிராக்டர் மேல்மண்ணைத்தான் புரட்டியது. எலும்பு எதுவும் வெளியே வரவில்லை. இதைச் சொன்னால் உனக்கு ஆறுதலா, இல்லை இன்னும் கோபமா என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் நீ ஏன் ஒருவார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் போகாதே என்றா சொல்லியிருப்பேன்?

நடந்தது நடந்துவிட்டது. பரிகாரம் செய்யலாம். நம் கோயில் குருக்களிடம் பேசினேன், வந்து சாந்தி பண்ணித் தருகிறேன் என்கிறார். கிள்ளானில் சலவைக்கல் வெட்டுகிறவரையும் பார்த்துவிட்டேன். நல்ல வெள்ளைக் கல்லில் சமாதி மாதிரி கட்டிவிடலாம். பெயரும் வருஷமும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். உன் அம்மா பெயர் என்ன என்று சீக்கிரம் எழுதி அனுப்பு.

அதுவும் வேண்டாம், இந்த நிலமே இனிக் கண்ணில் படக் கூடாது என்றால், அதற்கும் வழி இருக்கிறது. ஷா ஆலமிலிருந்து ஒரு வீடமைப்பு ஏஜென்ட் இரண்டு தடவை வந்துவிட்டார். இந்த வட்டாரம் முழுவதும் வீடு வரப்போகிறதாம். பட்டா உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். தாளை இத்தோடு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பினால் விற்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். பிறகு இதைப் பற்றி நாம் பேசவே வேண்டாம்.

அடைக்கப்பன்


பிரிக்பீல்ட்ஸ்,
22.7.1986

காமாட்சி அப்பாவுக்கு,

ஒரே கடிதத்தில் கல் வைக்கிறேன் என்கிறீர்கள், வீடு கட்டுகிறவனுக்கு விற்கக் கையெழுத்தும் கேட்கிறீர்கள். ஒருமுறை டிராக்டர் ஏறியது போதாது, அடுத்துச் சிமெண்டு ஊற்ற வேண்டும். தாளைக் கிழித்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். என்னோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள், ஒரு மகளைப் பெற்றிருக்கிறீர்கள், என் அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியாது. இன்றைக்குக் கல்வெட்டுக்காரன் கேட்டபோதுதான் அவளுக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் பெயரைக் கல்லில் வெட்டத் தரமாட்டேன். குருக்களும் வேண்டாம். அவளைப் புதைத்தபோது வராத மந்திரம் இப்போது எதற்கு?

முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். சேர்த்து வைத்த விடுமுறை முழுவதையும் எடுத்துக்கொண்டு அடுத்த மாதக் கடைசியில் அங்கே வருகிறேன். உங்களோடு இருக்க வரவில்லை. பட்டாவில் இருக்கிற பவுனம்மாள் வருகிறாள். எனக்கு மண் மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாற்றத்தை இப்போதும் வெறுக்கிறேன். ஆனால் நான் இல்லாவிட்டால் நாளைக்கு அந்த ஏஜென்ட் வருவான், அதற்கு மறுநாள் நீங்கள் வேறொரு நல்ல யோசனையோடு வருவீர்கள். அவளுக்குக் காவலுக்கு வேறு யாரும் இல்லை.

நான் வரும்போது நீங்கள் இருக்கக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ் வீடு உங்கள் அப்பச்சி கட்டியது, உங்களுக்கு உரிமையானது. சாவி சீதாலெட்சுமியிடம் இருக்கும். கோழிகளை விட்டுவிட்டுப் போங்கள். கத்தரியைப் பிடுங்க வேண்டாம். அதை நான் செய்துகொள்கிறேன்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
5.10.1986

அன்புள்ள பவுனம்மாளுக்கு,

நீ சொன்னபடியே நீ வருவதற்கு முன்தினம் புறப்பட்டு வந்துவிட்டேன். இந்த வீட்டில் அரிசி எந்த டின்னில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. ரயில் போகும்போது ஜன்னல் அதிர்கிறது. முன்பும் அதிர்ந்திருக்கும், எனக்குக் கேட்டதில்லை.

நாகையா வாரம் ஒருமுறை வந்து சொல்கிறார். நீ ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக வேலை செய்கிறாயாம். கத்தரியை எல்லாம் வேரோடு எடுத்துவிட்டாயாம். மஞ்சள் புள்ளி போட்ட குரோட்டன் கிடைக்குமா என்று வழியிலுள்ள நாற்றங்காலில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாயாம். "டீச்சர் ஒடம்பு எளைச்சிருச்சுண்ணே, ஆனா பேச்சுல ஒண்ணும் கொறையல" என்றார். தகரம் ஒழுகுவதைச் சரி செய்தாயா?

காமாட்சி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். "பாட்டி பேரு என்னான்னு எனக்கே தெரியலையேப்பா, நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். எனக்கே தெரியாதே. போனை வைத்துவிட்டேன்.

உன்னிடம் அன்பில்லாமல் நான் எதையும் செய்யவில்லை. ஆத்தாவை எதிர்த்து உன்னைக் கட்டியதும் அன்புதான், அந்த நிலத்தை வாங்கியதும் அன்புதான். அதை இவ்வளவு அலங்கோலமாகச் செய்தவன் நான்தான் என்பதும் தெரிகிறது. எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் நீ அம்மாவுக்குப் படையல் போடுவாய் என்று நினைக்கிறேன். நான் வரட்டுமா? எதையும் தொடமாட்டேன், எந்த யோசனையும் சொல்லமாட்டேன். கும்பிட்டுவிட்டு வருகிறேன். பிறகு நீ இரு என்றால் இருக்கிறேன்.

அவர்கள் பெயர் என்ன? கல்லுக்காகக் கேட்கவில்லை.

அடைக்கப்பன்


பூச்சோங்,
14.10.1986

காமாட்சி அப்பாவுக்கு,

அம்மாவின் பெயர் வீரம்மா. காமாட்சியிடமும் சொல்லிவிட்டேன்.

படையல் போடத்தான் போகிறேன். உங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின நாள் உங்கள் அப்பச்சிக்கும் ஐயாவுக்கும் இலை போட்டுச் சமைத்தது நான். என் ஆட்களுக்கு ஓர் இலை போட அங்கே இடம் இருந்ததில்லை. ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறோம். கேட்டது நானில்லை, என் அப்பா.

நம் தலைத் தீபாவளிக்கு அவர் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி பிரிக்பீல்ட்ஸ் வந்தார். ஒரு கையில் சேவல், இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றி அம்மாவுக்கென்று வாங்கிய புதுப் புடவை. மகள் வீட்டுப் படையலில் அதையும் ஓர் ஓரமாக வைக்க முடியுமா என்று கேட்டார். உங்கள் ஆத்தா அவரை முன்வாசலில் ஏறவிடவில்லை. பின்பக்கம் சாக்கடையோரம் நிற்க வைத்தார்கள். சேவலை வாங்கிக்கொண்டார்கள். புடவையை, "எங்க சாமி துணியோட இதை வைக்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். சோற்றைப் பழைய தாளில் பொட்டலமாகக் கட்டி என்னிடமே கொடுத்து அவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். நீங்கள் முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான் உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பக்கத்தைத் திருப்பினீர்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட, அப்பா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "நல்லா இரும்மா" என்றார். அதன் பிறகு, ஊருக்குக் கப்பலேறி அங்கேயே சாகும்வரை, அவர் நம் வீட்டுக்கு வரவேயில்லை. நீங்களும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. அன்றைக்கு எழுந்து வந்து, "உள்ளே வாங்க மாமா" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த இரண்டு ஏக்கரை நீங்கள் வாங்கித் தர வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதாவது கேட்டீர்கள், அதனால் வாருங்கள். முன்வாசல் வழியாக வர வேண்டாம். கோழிக் கூட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து நில்லுங்கள். ஏதாவது கொண்டுவந்தால் வாங்கி வைப்பேன், படையலில் வைப்பேனா என்று சொல்ல முடியாது. கும்பிட்டு முடிந்ததும் சோறு போடுவேன். உட்கார இலை போடமாட்டேன், பொட்டலமாகக் கட்டித் தருவேன். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. என் அப்பா சாப்பிட்ட மாதிரி அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பவுனம்மாள்